பாத்ரூமில் பிறக்கும் விஷவாயு

டாய்லெட் கிளீனரை ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தாயிற்று. பிரஷ் போட்டுத் தேய்த்தும் பார்த்தாயிற்று. பீங்கானில் ஏறிப்போன அந்த மஞ்சள் கறை மட்டும் அசையவில்லை. மூலையில் பாதி தீர்ந்த பிளீச்சிங் பவுடர் பாக்கெட் ஒன்று கிடக்கிறது, போன மழைக்கு வாங்கியது. ‘இதையும் கொஞ்சம் போட்டுத்தான் பார்ப்போமே’ என்று கை அங்கே போகிறது.

தூள் விழுந்த இடம் சீறும், நுரைக்கும். அடுத்த சில நொடிகளில் மூக்கு எரியும், கண்ணில் நீர் கொட்டும், இருமல் நிற்காது. கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவராக இருந்தால், மேலே ஒரு சின்ன ஜன்னல் மட்டும் உள்ள அறையாக இருந்தால், அந்த நேரத்தில் அவர் இழுப்பது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிடப்பட்ட அதே வாயு. அதைத் தயாரிக்க அவர் எந்தக் கடையிலும் தப்பான பொருள் வாங்கவில்லை. இரண்டும் மளிகைக் கடையில் கிடைப்பவை. தனித்தனியாக, சொன்னபடி பயன்படுத்தினால் இரண்டும் அதனதன் வேலையைச் செய்பவை.

வீட்டில் ஆபத்தான பொருள் எது என்று கேட்டால் எல்லோரும் ஆசிட் பாட்டிலைக் காட்டுவார்கள். அதன் மேல் நமக்கு ஒரு பயம் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் ‘இதோடு அதையும் சேர்த்தால் இன்னும் நன்றாகப் போகும்’ என்ற நம்பிக்கையின் மேல் நமக்குத் துளியும் பயம் இல்லை.

ஒரே உப்பின் பிள்ளைகள்

இந்த விவகாரம் புரிய வேண்டுமானால் கழிவறையை விட்டு உப்பளத்துக்குப் போக வேண்டும். உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் மின்சாரம் பாய்ச்சினால் மூன்று பொருள்கள் பிரிகின்றன. ஒரு முனையில் குளோரின் வாயு, மறு முனையில் ஹைட்ரஜன் வாயு, மிச்சமாகக் காஸ்டிக் சோடா. மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் பெரிய ஆலைகளாக வளர்ந்த தொழில் இதுதான்.

அந்த மூன்றையும் விதவிதமாகச் சேர்த்தால் நம் வீட்டு அலமாரி நிரம்பிவிடும். காஸ்டிக் சோடா அப்படியே சிங்க் அடைப்பு எடுக்கும் பவுடராகிறது. காஸ்டிக் சோடாக் கரைசலுக்குள் குளோரினைச் செலுத்தினால் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ பிளீச். துணி வெளுக்க வாங்கும் ரின் ஆலா இந்த ரகம். சுண்ணாம்புத் தூளுக்குள் குளோரினைச் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் 1799-ல் காப்புரிமை வாங்கிய பழைய சரக்கு அது. குளோரினையும் ஹைட்ரஜனையும் சேர்த்து எரித்துத் தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தெருவில் ‘பாத்ரூம் ஆசிட்’ என்று விற்பதும், வளைந்த கழுத்துள்ள டாய்லெட் கிளீனர் பாட்டில்கள் பலவற்றில் பத்து சதவீதம் அளவில் இருப்பதும் இதுவே.

ஆக அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டில்கள் ஒரே உப்பின் பிள்ளைகள். பிளீச்சில் குளோரின் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அந்தக் கட்டு தாங்குவது காரத்தன்மை இருக்கும்வரைதான். அதனால்தான் கம்பெனிக்காரர்களே பிளீச்சில் கொஞ்சம் காஸ்டிக்கை விட்டு வைக்கிறார்கள். அதன் மேல் அமிலத்தை ஊற்றினால் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயுவாக வெளியேறுகிறது. கீழே மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

வாயு ஒருபுறம் இருக்கட்டும், சுத்தமாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. இரண்டு பாட்டிலுக்கும் வேலை வேறு. நம் ஊர்க் கழிவறைகளின் கறை பெரும்பாலும் அழுக்கே அல்ல. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் இரும்பும் நாள்பட்டுப் படிந்த படிவு. அதைக் கரைப்பது அமிலத்தின் வேலை. பிளீச்சுக்கு அந்தத் திறமை கிடையாது. இரும்புக் கறையின் மேல் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் பழுப்பேறி ஒட்டிக்கொள்ளும். பிளீச்சின் வேலை கிருமியைக் கொல்வது, நிறத்தை வெளுப்பது. இரண்டையும் ஒன்றாக ஊற்றும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. கறையும் போகாது, கிருமியும் சாகாது. காசைக் கொட்டி வாங்கிய இரண்டு பொருளும் வீணாகி, போனஸாக விஷவாயு.

அரை டம்ளர் கணக்கு

‘கொஞ்சம்தானே போட்டேன்’ என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து சதவீத பிளீச் 100 மில்லி, அதாவது ஏறக்குறைய அரை டம்ளர். போதிய அமிலம் சேர்ந்தால் அதிலிருந்து சுமார் 1.6 லிட்டர் குளோரின் வாயு வர முடியும். ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரம் உள்ள ஒரு குளியலறையின் மொத்தக் காற்று கிட்டத்தட்ட 8,000 லிட்டர். அறை முழுக்கப் பரவினால் பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு குளோரின். பாதி வாயு தண்ணீரிலேயே தங்கிவிட்டது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 100 பங்கு.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி அளவு ஒரு பங்கு. பத்துப் பங்கைத் தொட்டாலே உயிருக்கும் உடலுக்கும் உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் வரையறுத்திருக்கிறது. முப்பதைத் தாண்டினால் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வரும். நாற்பது, அறுபது என்று ஏறும்போது நுரையீரலே வெந்து வீங்கத் தொடங்கும். ஆலையில் குளோரினோடு வேலை செய்கிறவருக்கு முகமூடி உண்டு, அபாயச் சங்கு உண்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிப்பை கம்பத்தில் பறக்கும். குளியலறையில் நிற்கிறவருக்குப் புடவைத் தலைப்பு.

குளோரின் ஏன் இப்படிச் செய்கிறது? ஈரமான இடத்தைத் தேடிப்போய்க் கரைகிற வாயு அது. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாமே ஈரம்தான். அந்த ஈரத்தோடு சேர்ந்ததும் அங்கேயே அமிலமாக மாறி, திசுக்களை அரிக்கிறது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே எழும்பிப் போகாது, தரையோடு தவழும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவருக்கும், அம்மா என்ன செய்கிறாள் என்று பார்க்க வாசலில் வந்து நிற்கும் குழந்தைக்கும்தான் முதலில் போய்ச் சேரும்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு வெளியே ஜெர்மானியர்கள் 5,700-க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்துவிட்டபோதும் வாயு இப்படித்தான் தரையோடு உருண்டுபோய்ப் பதுங்குகுழிகளில் இறங்கியது. நான்கு நாள் கழித்து அதே போர்முனையில் தாக்குதலில் இறங்கியது இந்தியப் படையின் லாகூர் டிவிஷன். அங்கே வாயுவுக்கு நடுவில் மயங்கியவர்களைத் திரட்டி நிறுத்தி, விக்டோரியா கிராஸ் விருது பெற்ற ஜமேதார் மீர் தஸ்த் தாமும் அந்த வாயுவைச் சுவாசித்து, இங்கிலாந்தின் பிரைட்டன் நகர ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். அன்றைய சிப்பாய்களிடம் முகமூடி இல்லை, ஈரத் துணிதான் இருந்தது.

பர்லிங்டன் சமையலறை

போர்க்களத்தை விடுங்கள். 2019 நவம்பர் 7, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டன் நகருக்கு அருகே பர்லிங்டன். ஒரு பெரிய உணவகச் சங்கிலியின் கிளை அது. சமையலறைத் தரையில் உப்புப் படிவு நீக்கும் அமிலக் கிளீனர் கொட்டிக் கிடந்தது. அது தெரியாமல் இன்னொரு ஊழியர் வழக்கமாகத் தரை கழுவும் பிளீச் கிளீனரை அதே இடத்தில் ஊற்றினார். தரை பச்சையாக மாறிக் குமிழியிட்டது. ஊழியர்கள் வெளியே ஓடினார்கள். முப்பத்திரண்டு வயது மேலாளர் மட்டும், வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே என்ற பொறுப்பில், தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டையை எடுத்துக்கொண்டு அதை வாசலுக்கு வெளியே தள்ளப் பார்த்தார். அன்றிரவே மருத்துவமனையில் இறந்துபோனார். பத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது, யாரும் எதையும் கலக்க நினைக்கவே இல்லை என்பதுதான். ஒருவர் சிந்தியது, இன்னொருவர் ஊற்றியது. நம் வீடுகளில் இதற்கு இணையான நிலைமை தினமும் இருக்கிறது. காலையில் வீட்டம்மா டாய்லெட் கிளீனர் ஊற்றி, ஊறட்டும் என்று விட்டுப் போவார். பத்து மணிக்கு வரும் வேலைக்காரம்மாவுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்குப் பிளீச்சிங் பவுடரைத் தூவுவார். கோப்பையின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரில் அமிலம் அப்படியே இருக்கும்.

கலக்கக் கூடாது என்று சொன்னால் ஒரே வாளியில் கலக்கக் கூடாது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றை ஊற்றிய இடத்தில், அது முழுதாகக் கழுவப்படாமல், இன்னொன்றை ஊற்றுவதும் கலப்பதுதான். இரண்டு தடவை ஃப்ளஷ் செய்து, தரையையும் நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் அடுத்த பாட்டிலைத் தொட வேண்டும். ஆசிட் ஒரு நாள், பிளீச் வேறொரு நாள் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

பிளீச்சோடு சேராதவை

குளோரின் வருவதற்கு அமிலம் ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வினிகர் போதும். எலுமிச்சைச் சாறு போதும். பித்தளைப் பாத்திரம் விளக்கும் புளிக்கரைசல்கூடப் புளிப்புதான்.

இப்போது மாடித்தோட்டக்காரர்கள் பலர் வீட்டிலேயே பயோ என்சைம் போடுகிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் நொதிக்க விடுவது. தரை துடைக்க அருமையான சரக்கு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது நல்ல புளிப்பான அமிலக் கரைசல். ‘இயற்கையானதுதானே’ என்று அதைப் பிளீச்சோடு சேர்த்தால் வேதியியல் இரக்கம் காட்டாது. இயற்கை, செயற்கை என்கிற பிரிவினை நம் மனசில்தான் இருக்கிறது. பிளீச்சுக்குத் தெரிந்தது அமிலம் ஒன்றுதான்.

அமோனியா அடுத்தது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர்கள் சில உண்டு. அவற்றோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற வாயுக்கள் கிளம்பும். குளோரினைப் போலவே கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும். நம் ஊரில் அமோனியா பாட்டிலில் இருந்து வருவதைவிடச் சிறுநீரில் இருந்து வருவதே அதிகம். பள்ளிக்கூடக் கழிவறைகளில், பஸ் ஸ்டாண்டுகளில், நாள்கணக்கில் தேங்கிய சிறுநீர் மேல் கை நிறையப் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடும்போது எழும் அந்தக் கண் கரிக்கும் நெடி குளோரமின்தான். அதை ‘மருந்து வேலை செய்கிறது’ என்று எடுத்துக்கொள்கிறோம். முதலில் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு பவுடர் போட்டால் அந்த நெடியும் இருக்காது, பவுடரும் கொஞ்சமே போதும்.

சானிடைசர், ஸ்பிரிட், நெயில்பாலிஷ் ரிமூவர் ஆகியவற்றோடு பிளீச் சேர்ந்தால் குளோரோஃபாமும் வேறு சில நச்சுப் பொருள்களும் உண்டாகும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் ஆக்சிஜன் வேகமாகப் பொங்கி, மூடிய பாட்டில் வெடிக்கலாம். பினாயிலோடு பிளீச் சேர்க்க எந்தத் தேவையும் இல்லை. வாசனை தூக்கலாக வரும் என்பதைத் தவிர ஒரு காரணமும் யாரும் சொன்னதில்லை. கொதிக்கிற வெந்நீரில் பிளீச் கலப்பதும் வீண். சூட்டில் அது சிதைந்து, நெடி ஏறி, வீரியம் இழந்துவிடும்.

பிளீச் இல்லாத சண்டைகளும் உண்டு. வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் பெராசெடிக் அமிலம் உருவாகும். தோலையும் கண்ணையும் அரிப்பது அது. இதைவிட நம் வீடுகளில் நடக்க வாய்ப்புள்ளது சிங்க் அடைப்பு விவகாரம். அடைப்பு நீக்கும் பவுடரில் காஸ்டிக் சோடாவும், பல தயாரிப்புகளில் அலுமினியத் துணுக்குகளும் இருக்கும். தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகி, ஹைட்ரஜன் வாயுவும் வரும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. பவுடருக்கு அடைப்பு அசையாவிட்டால் அடுத்து ஆசிட்டை ஊற்றுகிறார்கள். காரமும் அமிலமும் மோதும் சூட்டில் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் முகத்தில் வந்து தெறிக்கும். பிளம்பரைக் கூப்பிட்டால், குழாயைக் கழற்றுவதற்கு முன்பே ‘இதில் பவுடர் போட்டிருக்கிறேன்’ என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கண்ணைக் காப்பாற்றும் வாக்கியம் அது.

யூடியூபில் ஓயாமல் ஓடும் பேக்கிங் சோடாவும் வினிகரும் மட்டும் ஆபத்தில்லாத கலவை. நுரை பார்க்க அழகாக இருக்கும். நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். அந்தக் கலவையால் அடுப்புக் கறை போனதாகச் சொல்கிறவர்கள் தேய்த்ததன் புண்ணியத்தை நுரைக்குக் கொடுக்கிறார்கள்.

கொரோனா காலத்துச் சுத்தம்

பயம் வந்தால் மனிதர்கள் அதிகம் கலக்குகிறார்கள். 2020 ஜனவரி முதல் மார்ச் வரை அமெரிக்க நச்சு உதவி மையங்களுக்குக் கிளீனர், கிருமிநாசினி பாதிப்பு குறித்து வந்த அழைப்புகள் 45,550. முந்தைய ஆண்டு அதே மூன்று மாதங்களில் 37,822. அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி அந்த ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. கடையில் வாங்கிய காய்கறியைக் கிருமி நீக்கச் சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு, சமையலறைத் தொட்டியில் பிளீச் கரைசலும் வினிகரும் வெந்நீரும் நிரப்பிக் காய்களை ஊறப்போட்டார். மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெடி அடித்து, இருமலும் இழுப்பும் வந்து ஆம்புலன்ஸில் போனார். ஆக்சிஜனும் மூச்சுக்குழாய் விரியும் மருந்தும் கொடுத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதே மையம் மே மாதத்தில் 502 பேரிடம் கேட்டுப் பார்த்தது. பிளீச்சோடு அமோனியா சேரக் கூடாது என்று தெரிந்தவர்கள் 58 சதவீதம். வினிகர் சேரக் கூடாது என்று தெரிந்தவர்கள் 35 சதவீதம்தான். லேபிளில் அவர்கள் மொழியிலேயே அச்சிட்டு விற்கும் நாட்டில் இந்த நிலை.

நாம் சும்மா இருக்கவில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில், உள்ளே போகிறவர்கள் மேல் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளிக்கும் ‘கிருமிநாசினிச் சுரங்கம்’ வைக்கப்பட்டது. பிற ஊர்களும் அதைப் பார்த்து வைத்தன. சில நாள்களிலேயே தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது. மனிதர்கள் மேல் தெளிப்பது பயனற்றது, தீங்கானது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் ஏப்ரல் 18-ல் அறிவுறுத்தியது. நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். கிருமிநாசினி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுத்தம் என்ற பழைய நம்பிக்கை அரசு அலுவலகங்களையும் விட்டுவைக்கவில்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் சேறு வடிந்த வீடுகளில் பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாக இறங்கியது. அது தேவையான வேலை. வெள்ளத்துக்குப் பின் பிளீச்சிங் பவுடரை மிஞ்சிய மலிவான காவல் கிடையாது. சேறும் நாற்றமும் ஒட்டிய அதே டைல்ஸில் கூடவே ஆசிட்டையும் ஊற்றும்போதுதான் காவலே கத்தியாகிறது.

சம்ப்புக்குள் இறங்குகிறவர்

குளியலறையை விடவும் எனக்குக் கவலை தரும் இடம் தரைமட்டத் தண்ணீர்த் தொட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்துச் சம்ப்பைச் சுத்தம் செய்கிறோம். சுவரில் படிந்த உப்பை எடுக்க ஆசிட், பிறகு கிருமி சாக பிளீச்சிங் பவுடர். அடியில் ஒரு வாளித் தண்ணீர் வடியாமல் நின்றாலும், அங்கே அமிலம் மிச்சம் இருக்கும். குளோரின் கனமான வாயு. தொட்டிக்குள் பிறந்தால் மேலே வர வழியில்லாமல் அடியிலேயே நிற்கும். இறங்கியவருக்கு ஓட இடம் கிடையாது, ஒரு ஆள் நுழையும் மூடி மட்டும்தான்.

சம்ப்பில் ஆசிட்டே வேண்டாம். தேய்த்துக் கழுவி, அழுக்குத் தண்ணீரை முழுக்க இறைத்து, வேலை முடிந்து ஆள் மேலே வந்த பிறகு, தொட்டியை நிரப்பிக் குளோரின் போட்டால் போதும். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் என்பதே பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்லும் அளவு. அள்ளிக் கொட்டும் வேலையே இல்லை.

லேபிளை யார் படிக்கிறார்கள்?

பாட்டிலின் பின்பக்கம் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. பிளீச்சுடன் சேர்க்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும், கையுறை போடுங்கள். பூதக்கண்ணாடிக்கு ஏற்ற எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், கூடவே இந்தியில். தமிழ்நாட்டுக்கு வரும் பாட்டிலில் நடிகர் படத்துக்கு இடம் இருக்கிறது, தமிழில் ஒரு எச்சரிக்கை வரிக்கு இடம் கிடைப்பது அபூர்வம். ஒரே பிராண்டு பெயரில், ஏறக்குறைய ஒரே வடிவப் பாட்டிலில், அமில வகையும் பிளீச் வகையும் விற்கிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? இது கம்பெனிகள் செய்ய வேண்டிய திருத்தம். அரசு செய்ய வைக்க வேண்டிய திருத்தம்.

லேபிளே இல்லாத சரக்கு வேறு. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி அகர்வால் தொடர்ந்த வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. வாங்குகிறவரின் அடையாள அட்டை, பதிவேடு, பதினெட்டு வயது என்று விதிகள் வந்தன. ஆனாலும் ஆசிட்டும் பினாயிலும் பழைய குளிர்பானப் பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில் அடைக்கப்பட்டுத் தெருவுக்கு வருவது நின்றபாடில்லை. உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்பது விற்கிறவருக்கும் தெரியாது. தாகத்தோடு வந்த குழந்தை அதைத் தண்ணீர் என்று எடுத்தால் உணவுக்குழாய் வெந்து சுருங்கி, ஆண்டுக்கணக்கில் சிகிச்சை. எந்தக் காரணத்துக்காகவும் கிளீனரை வேறு பாட்டிலில் மாற்றாதீர்கள்.

இந்த நெடியை அன்றாடம் சுவாசிப்பவர்கள் யார்? வீட்டுப் பெண்கள், நான்கைந்து வீடுகளில் பாத்திரமும் பாத்ரூமும் கழுவும் வேலைக்காரம்மாக்கள், ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்கள். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, சுத்தம் செய்யும் வேலை பார்க்கும் பெண்களின் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைவதைக் காட்டியது. வீட்டில் மட்டும் சுத்தம் செய்த பெண்களுக்கும் அப்படியே. ஆண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வில் யாரும் எதையும் தப்பாகக் கலந்ததாகக் கணக்கில்லை. சாதாரணமாகப் பயன்படுத்தியதற்கே இந்த விலை. மூக்கை அடைக்கும் நெடி வந்தால்தான் வீடு சுத்தம் என்று நினைக்கும் முதலாளியம்மாக்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம். ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கித் தருவதைப் பெரிய தர்மமாகவும் எண்ண வேண்டாம்.

மூச்சு முட்டினால்

வெளியே போங்கள். அவ்வளவுதான் முதல் வைத்தியம். கலவையைக் கழுவிவிடலாம், துடைத்துவிடலாம், இன்னொன்றை ஊற்றிச் சரிசெய்யலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். பர்லிங்டன் மேலாளர் அப்படி நின்றவர்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் நம் வீடுகளில் பெரும்பாலும் கதவுக்கு வெளியே இருக்கும். போகும்போது அதைத் தட்டிவிட்டு, மற்ற ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டை விட்டு வெளியே, முடிந்தால் மாடிக்குப் போய்விடுங்கள். வாயு கீழே தங்கும். சம்ப்பில் ஒருவர் மயங்கினால் காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

நனைந்த துணியைக் கழற்றிவிட்டு உடம்பைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண் எரிந்தால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம், கடிகாரம் பார்த்து. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது புண்ணாக்கியது வரும்போதும் புண்ணாக்கும். போகும்போது புண்ணாக்கியது வரும்போதும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

குளோரினுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜன், நெபுலைசர், கண்காணிப்பு, இவ்வளவுதான் மருத்துவர்களாலும் முடியும். இருமல் அடங்கிவிட்டது என்று வீட்டில் படுத்துவிடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நிறையச் சுவாசித்தவர்களுக்குப் பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்கள் லேசாகச் சுவாசித்திருந்தாலும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இந்த இதழைப் படிக்கும் கையும் பாத்ரூம் கழுவும் கையும் பல வீடுகளில் வேறு வேறு. உங்கள் வீட்டில் கழுவுகிறவர் யாரோ, அவரை உட்கார வைத்து, எந்தப் பாட்டிலில் ஆசிட், எந்தப் பாட்டிலில் பிளீச் என்று தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். ஒன்றில் சிவப்பு, இன்னொன்றில் நீல டேப் ஒட்டி, இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. நச்சு குறித்த சந்தேகங்களுக்கு டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம்.